பழைய காரின் காற்றுக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது?

1960களில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களைச் செய்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) என்ற பிரித்தானிய நிறுவனத்தின் கார்கள் பலவற்றின் பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே தகரத்தால் செய்த ஒரு வட்டப் பெட்டி தெரியும். அதுதான் எயார் கிளீனர். அதன் பக்கவாட்டில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள நட்டைச் சற்று இளக்கினால் பெட்டி சுழலும், குழாயின் வாயும் இடம் மாறும். காருடன் வந்த கைநூலில் இதற்கு இரண்டு நிலைகள் சொல்லியிருப்பார்கள். குளிர்காலத்தில் குழாயின் வாய் எக்சோஸ்ற் மனிபோல்டை, அதாவது எஞ்சினின் புகை வெளியேறும் சூடான குழாயை, ஒட்டி இருக்கவேண்டும். கோடையில் அதைவிட்டு விலகி இருக்கவேண்டும். வேறு சில ஐரோப்பியக் கார்களில் இதே வேலைக்கு ஒரு சிறிய நெம்பு இருக்கும். 1970கள் தொடக்கம் வந்த பலவற்றில் வெப்பத்தை உணர்ந்து தானாகத் திறந்து மூடும் தட்டு ஒன்றை வைத்துவிட்டார்கள். அவற்றில் நாங்கள் கைவைக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையோ வாங்கியவர் இந்தக் கைநூலைப் படித்தால் உடனே ஒரு சந்தேகம் வரும். எங்களுக்குக் குளிர்காலம் எது? மார்கழிப் பனியா, கார்த்திகை மழையா? அப்போது குழாயைத் திருப்பவேண்டுமா?

வேண்டாம். வருடம் முழுவதும் கோடை நிலையிலேயே விட்டுவிடுங்கள். இந்த ஒரு வரியோடு கட்டுரையை நிறுத்தலாம்தான். ஆனால் அந்தக் குழாய் எதற்காக வைக்கப்பட்டது என்று விளங்கினால்தான், எங்கள் ஊரின் பருவங்களுக்கு உண்மையில் எதைக் கவனிக்கவேண்டும் என்பதும் விளங்கும்.

காபரேற்றர் செய்யும் வேலை

பெற்றோல் தனியாக எரியாது. 1 கிராம் பெற்றோல் முழுதாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்றின் எடை குறைவு என்பதால் இந்த எண் சிறிதாகத் தெரிகிறது. கொள்ளளவில் பார்த்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் காற்று உள்ளே போகவேண்டும். அவ்வளவு காற்றும் அந்த எயார் கிளீனர் குழாய் வழியாகத்தான் போகிறது.

இந்த இரண்டையும் அளந்து கலப்பது காபரேற்றர். அதன் நடுவே ஒடுங்கிய தொண்டை ஒன்று இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று அந்த ஒடுக்கத்தில் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோலை மேலே உறிஞ்சித் தூவும். கலவை சரியாக அமைவது புட்டுக்கு மா குழைப்பதைப் போன்றது. தண்ணீர் குறைந்தால் மா உதிர்ந்து காய்ந்து கிடக்கும், கூடினால் களியாகிவிடும். பெற்றோல் கூடிய கலவையை ‘றிச்’ என்றும், குறைந்ததை ‘லீன்’ என்றும் கராஜில் சொல்வார்கள். றிச்சானால் கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் வரும், பிளக் கரிபிடிக்கும். லீனானால் எஞ்சின் திக்கும், சூடேறும், நீண்டகாலம் அப்படியே ஓடினால் எக்சோஸ்ற் வால்வு கருகும்.

காபரேற்றருக்குக் காற்றின் எடை தெரியாது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். தன் தொண்டையால் எவ்வளவு காற்று எந்த வேகத்தில் பாய்கிறது என்பதை வைத்தே அது பெற்றோலைக் கொடுக்கிறது. காற்றோ சூடானால் விரிந்து மெலிந்துவிடும். 30 பாகை செல்சியசில் உள்ள வெளிக்காற்றை விட்டுவிட்டு, பொனற்றுக்குள் 60 பாகையில் கொதிக்கும் காற்றை இழுத்தால், ஒவ்வொரு இழுப்பிலும் ஏறத்தாழ 9 வீதம் குறைவான காற்றுத்தான் உள்ளே போகும். பெற்றோல் அதே விகிதத்தில் குறையாது. இழுவை குறைந்து, கலவையும் சற்று றிச்சாகிவிடும். இது ஏன் எங்களுக்கு முக்கியம் என்பது கொஞ்சம் கழித்து வரும்.

இங்கிலாந்துக்காரனின் பிரச்சினை

சூடான காற்று இவ்வளவு கெடுதல் என்றால், எக்சோஸ்ற் மனிபோல்டின் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கச் சொல்லிக் கைநூலில் ஏன் எழுதினார்கள்? எஞ்சினிலிருந்து வெளிவரும் சுட்ட புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் அந்த வார்ப்பிரும்புக் குழாயைவிடச் சூடான இடம் பொனற்றுக்குள் வேறு இல்லை.

காரணம் பனிக்கட்டி. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் ஒரு துளி பெற்றோல் பட்டால் சில்லிடுவது இதனால்தான். காபரேற்றரின் தொண்டைக்குள் இது இடைவிடாமல் நடக்கிறது. அங்கே வெப்பநிலை வெளிக்காற்றைவிட 20 பாகை அல்லது அதற்கு மேலும் குறையக்கூடும். வெளியே 5 பாகையில் ஈரமான காற்று இருந்தால் அதிலுள்ள நீராவி காபரேற்றருக்குள் உறைந்து, திறந்து மூடும் வட்டத் தட்டின் ஓரத்தில் பனிக்கட்டியாகப் படியும். வழி அடைபடும். கார் இழுக்காமல் முக்கி, கடைசியில் தெருவோரத்தில் நின்றுவிடும். சில நிமிடங்கள் போனதும் எஞ்சினின் சூட்டில் கட்டி உருகிவிடும், கார் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ராட்டாகும். மெக்கானிக் வந்து பார்த்தால் ஒரு பிழையும் இருக்காது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கோளாறு என்பதால்தான் தயாரிப்பாளர்களே குழாயைத் திருப்பும் வசதியைச் செய்து கொடுத்தார்கள்.

நல்ல காய்ந்த கடுங்குளிரைவிட ஈரமான மிதக்குளிரே இதற்கு மோசம். கட்டிபிடிக்க நீராவி வேண்டுமே.

இனி எங்கள் பக்கம் வருவோம். தை மாத விடியலில்கூட யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஈரம் தாராளமாக இருக்கிறது, குளிர்தான் இல்லை. சிறிய விமானங்களின் கைநூல்களில் இதைவிட வெப்பமான, ஈரமான நாளிலும் காபரேற்றரில் கட்டிபிடிக்கலாம் என்று எச்சரித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் பயப்படவேண்டாம். விமானம் எஞ்சினைக் குறைத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கீழிறங்கும். மைனர் ஆரியகுளம் சந்தியில் நிற்கும். மைனரிலும் மினியிலும் உள்ள ஏ சீரிஸ், கேம்பிறிட்ஜில் உள்ள பி சீரிஸ் ஆகிய இரண்டு எஞ்சின்களிலும் காற்று உள்ளே போகும் மனிபோல்டும் புகை வெளியே வரும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில்தான். காபரேற்றர் ஏறக்குறைய எக்சோஸ்றுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டி பிடிக்க அதற்கு எங்கே நேரம்?

ஆக, எங்கள் ஊரில் பிரச்சினை தலைகீழ். சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஓகஸ்ற் கடைசியில் இன்னொரு முறை வருகிறது. இந்த மாதங்களில் குளிர்கால நிலையில் குழாயை வைத்து ஓடினால் எஞ்சின் தன் சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருக்கும்.

மண்ணெண்ணெய்க் காலம்

எங்கள் கார்களுக்குச் சூடான காற்று உதவக்கூடிய ஒரு காலமும் இருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ40உம் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் கொடுத்து ஸ்ராட் செய்வார்கள்; எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். இன்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பகிடி என்று நினைக்கிறார்கள்.

அதற்குள் இருந்த விஞ்ஞானம் இந்தக் குழாயோடு நேரடியாகத் தொடர்புள்ளது. பெற்றோலின் இலேசான பகுதிகள் 35 பாகை அளவிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 150 பாகை. குளிர்ந்த மனிபோல்டில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே சிலிண்டருக்குள் போகும், எரியாமல் வழிந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கெடுக்கும். அதனால்தான் முதலில் பெற்றோல் துளி. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குச் சூடான காற்றே நல்லது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே செய்த பழைய பேர்குசன் உழவு இயந்திரங்களில் மனிபோல்டைச் சூடாக வைத்திருக்கத் தனியாகத் தகரக் கவசம் போட்டிருந்தார்கள். பழைய கார்கள் இதைத் தாங்கியதற்கு இன்னொரு காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது. ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றுக்கும் 803 சிசி மைனருக்கும் அது 7.2 தான். அமுக்கம் கூடிய புதிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அடித்தே உடைந்துவிடும்.

அந்தக் காலத்தைக் கடந்துவந்த வண்டி ஒன்றை இப்போது வாங்குகிறீர்கள் என்றால், காபரேற்றரைக் கழற்றி, பெற்றோல் வரும் துளையான ஜெற்றும் அதன் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியும் அந்த மொடலுக்கு உரியவைதானா என்று பார்ப்பது நல்லது. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

எங்கள் பருவங்கள்

கைநூல் எழுதியவருக்குப் பருவம் என்றால் குளிரும் வெயிலும். எங்களுக்குப் பருவம் என்றால் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும், அது எதைச் சுமந்து வருகிறது என்பதும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம். மழையில்லாத, பலத்த தென்மேல் காற்று. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கம் தோட்டங்களில் உழுத செம்மண் இந்தக் காற்றில் மாவாக எழும்பும். வடமராட்சிக் கரையோரத்தில் மணல். இந்த நாட்களில் எயார் கிளீனர்தான் காரின் உயிரைக் காப்பது. தூசி உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்ரன் றிங்கையும் அரம்போல அராவிவிடும், அதை எந்தக் காபரேற்றர் திருத்தமும் மீட்காது.

தூசி மிகுந்த நாடுகளுக்கு அனுப்பிய பிரித்தானியக் கார்களில் ஒயில் பாத் வகை எயார் கிளீனரைப் பூட்டியிருந்தார்கள். கடதாசி பில்ரரைக் கழித்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. செம்மண்ணுக்கு ஒயில் பாத் அருமையான சாதனம். பெட்டியின் அடியில் ஒரு கிண்ணம் எஞ்சின் ஒயில். காற்று கீழே இறங்கி ஒயிலின் மேற்பரப்புக்குக் கிட்ட வந்து சடாரென்று மேலே திரும்பும். காற்று திரும்பிவிடும், பாரமான தூசி திரும்பாமல் நேரே போய் ஒயிலில் விழும். மிச்சம் மீதியை மேலே உள்ள ஒயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். சோளகம் தொடங்குமுன் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் புது ஒயில் ஊற்றுங்கள். உள்ளே ஒரு அளவுக் கோடு அல்லது அம்புக்குறி இருக்கும், அதற்கு மேல் ஊற்றக்கூடாது. ஊற்றினால் எஞ்சின் ஒயிலை உறிஞ்சி நீலப் புகை விடும். ‘றிங் போய்விட்டது’ என்று எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்கு இது ஆட்களைப் பயப்படுத்தியிருக்கிறது.

கடதாசி பில்ரர் என்றால் கைநூல் சொல்லும் தூரத்துக்குக் காத்திருக்கவேண்டாம். அந்தக் கணக்கு வேறு நாட்டுத் தெருக்களுக்கானது. உள்ளே ஒரு மின்குமிழைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் மங்கினால் மாற்றிவிடுங்கள். கொம்பிறசரால் காற்று அடித்துத் துப்புரவாக்குவது இங்கே பழக்கம். அடிக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, மெல்ல. வெளியிலிருந்து அடித்தால் தூசி கடதாசிக்குள் இறுகும், அல்லது கடதாசி கிழியும்.

ஐப்பசியிலிருந்து வாடையும் மாரியும். எங்கள் வருட மழையின் பெரும்பங்கு மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். ஈரக்காற்றில் நீராவி ஒட்சிசனின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மழைநாளில் காற்றின் கொள்ளளவில் ஏறத்தாழ 3 வீதம் நீராவியாக இருக்கக்கூடும். அதேநேரம் காற்று குளிர்ந்து அடர்ந்துமிருக்கும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுசெய்துவிடுவதால் மழைக்கென்று கலவையைத் திருகத் தேவையில்லை. கவனிக்கவேண்டியது குழாயின் வாய் எங்கே பார்க்கிறது என்பது. அது ரேடியேற்றர் விசிறிக்கு நேரே இருந்தால், விசிறி வாரி எறியும் தண்ணீர் உள்ளே போய்க் கடதாசி பில்ரரை நனைக்கும். நனைந்த கடதாசி காற்றை விடாது; கார் றிச்சாகிக் கறுப்புப் புகை கக்கும். வாயைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

வெள்ளத்தில் இறக்குவது வேறு விடயம். தண்ணீர் சில்லின் பாதி உயரத்தைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். காற்றை நெரிக்கலாம், தண்ணீரை நெரிக்கமுடியாது. ஒரு வாய் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்ரனைத் தள்ளும் கனெக்ரிங் றொட் வளைந்துவிடும். வெள்ளத்தில் கார் நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்ராட் அடிக்காமல், தள்ளி மேட்டில் ஏற்றி, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

உப்புக் காற்றையும் சொல்லவேண்டும். கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் போய்வரும் காரின் எஸ்யூ வகைக் காபரேற்றரை அவ்வப்போது திறந்து பார்க்கவேண்டும். மேலே மணிபோல் இருக்கும் மூடிக்குள் ஒரு பிஸ்ரன் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்து அது இறுகும். எஞ்சின் நிற்கும்போது பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள், தடையின்றி விழுந்து ‘டக்’ என்று தட்டவேண்டும். தட்டாவிட்டால் கழற்றிப் பெற்றோலில் நனைத்த சீலையால் துடையுங்கள். மண்தாள் போட்டுத் தேய்த்தால் காபரேற்றரே போய்விடும்.

வெயில் மாதங்களில் நின்றுபோகும் கார்

சித்திரையில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் கார் ஸ்ராட்டாகாது. எஞ்சின் நின்றதும் ரேடியேற்றர் தண்ணீரும் விசிறியும் நின்றுவிடும். எக்சோஸ்றின் சூடு முழுவதும் நேரே மேலே உள்ள காபரேற்றருக்கு ஏறும். கிண்ணத்துப் பெற்றோல் கொதித்துத் தொண்டைக்குள் வழியும். இந்த நேரத்தில் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையை றிச்சாக்கும்) சோக்கை இழுப்பதும் அக்சிலரேற்றரை மிதித்து மிதித்து விடுவதும் இன்னும் பெற்றோலை ஊற்றுவதற்குச் சமம். அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராட் அடியுங்கள். கூடிய பெற்றோலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே விக்கி நின்றால், குழாயிலோ பம்பிலோ பெற்றோல் ஆவியாகிக் குமிழி அடைத்திருக்கலாம். பம்பின் மேல் ஈரச்சீலை போடுவது பழைய ஹயர்கார் சாரதிகளின் வைத்தியம், அது உண்மையில் வேலை செய்யும். நிரந்தர வைத்தியம் வேறு. காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடித்த வில்லையும் கீழே தகரக் கவசமும் இருக்கவேண்டும். யாராவது ஒரு காலத்தில் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். பெற்றோல் குழாய் எக்சோஸ்றைத் தொடாமல் போகிறதா என்றும் பாருங்கள்.

கலவையைத் திருகுவதென்றால்

பலர் முதலில் செய்வது இதைத்தான், கடைசியில் செய்யவேண்டியதும் இதுதான். எயார் கிளீனர் சுத்தமாகி, பிளக்கும் அதற்குப் பொறி கொடுக்கும் பொயின்றும் சரியாகி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எஸ்யூ காபரேற்றரின் பக்கத்திலுள்ள, பிஸ்ரனைத் தூக்கும் சிறிய முளையை மேலே தள்ளுங்கள். பிஸ்ரன் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே எழும்பவேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை றிச். வேகம் விழுந்து அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் சற்றுக் கூடிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் சரி. திருத்துவதற்கு அடியில் ஆறுபட்டை நட்டு ஒன்று இருக்கிறது. அது மேலேறினால் லீன், கீழிறங்கினால் றிச். ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டைக்கு மேல் திருக்கவேண்டாம். செனித் காபரேற்றர் பூட்டிய ஏ40 போன்றவற்றில் ஜெற்றின் துளை மாறாதது. ஐடில் கலவை ஸ்குறூவை மட்டும் தொடலாம். இரண்டிலும் நல்ல சாட்சி பிளக்தான்: பிஸ்கற் நிறம் நல்லது, கரி றிச், வெள்ளை லீன்.

இந்தத் தீவில் குளிர்கால நிலைக்கு வேலை இருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது நுவரெலியா. 1,868 மீற்றர் உயரத்தில் காற்று யாழ்ப்பாணத்தைவிட ஏறத்தாழ 15 வீதம் மெல்லியது. கார் றிச்சாக ஓடும், ஒரு பட்டையோ இரண்டோ லீன் பக்கம் திருப்பினால் மூச்சு வரும். தை, மாசி விடியல்களில் அங்கே புல்லில் உறைபனி பிடிக்கும். அந்த ஈரக்குளிரில் கார் முக்கி நின்று, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டால், எயார் கிளீனர் நட்டை இளக்கிக் குழாயை எக்சோஸ்ற் பக்கம் திருப்பிவிடுங்கள். திரும்பி வரும்போது கண்டியில் தேநீர் குடிக்க நிறுத்துவீர்கள்தானே, அங்கேயே குழாயையும் ஜெற் நட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மலைக்குத் திருப்பிய லீன் கலவையோடு ஏ9 வீதியில் வன்னி வெயிலில் இறங்கினால் பளை வருமுன் எஞ்சின் திக்கிச் சூடேறத் தொடங்கும்.